முதல் மடக்கு

மூடி உடையாத பாட்டிலில் தண்ணீர் குறைந்திருந்தது.

ஜெமிமா முதலில் நம்பவில்லை. கொல்லாமரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் பையை இறக்கி வைத்து, பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். காலையில் நாசரேத் கடையில் வாங்கிய பாட்டில். மூடியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் வளையம் அறுபடவில்லை. வாங்கும்போது கழுத்துவரை தளும்பிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது அரைக்கு வந்திருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஒழுகல் இல்லை. பையின் உள்துணியைத் தடவிப் பார்த்தாள். மொறமொறவென்று காய்ந்திருந்தது. மே மாத வெயிலில் இவ்வளவு தூரம் முதுகோடு ஒட்டி வந்த பை, அவளுடைய வேர்வையிலாவது நனைந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

"கம்பெனிக்காரன் கொறச்சு ஊத்தியிருப்பான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். எதற்கும் ஒரு காரணம் சொல்லாமல் விடமாட்டாள். இந்தக் காரணம் தேறாது என்பது சொல்லும்போதே தெரிந்தது.

சுற்றிலும் தேரி. நாசரேத்துக்குத் தெற்கே, கடல் வருவதற்கு முன்னால், செங்கல்லைப் பொடித்துக் கொட்டியது போல மேடு மேடாகக் கிடக்கிற சிவப்பு மணல். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து போகிற மேடுகள், கழுத்துவரை புதைந்துபோய்த் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிற பனைகள், முள்ளைத் தவிர வேறெதுவும் மிச்சம் வைத்திராத உடைமரங்கள், எங்கிருந்து என்று பிடிபடாமல் கேட்கிற மயிலின் அகவல், காய்ந்த ஓலைகள் உரசி உரசி எழுப்புகிற சலசலப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்று சத்தியம் செய்யலாம். திறந்தால் ஒரு சொட்டு இருக்காது. எவ்வளவு மழை பெய்தாலும் தேரியில் ஓடை ஓடுவதில்லை, விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும் என்று வகுப்பில் அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொன்னாளே தவிர இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலை வைக்கிறாள்.

அவளும் அவள் கணவன் கார்த்திகேசனும் பார்க்காத வறண்ட பூமி குறைவு. கல்யாணமான வருஷமே தார் பாலைவனத்தில் ஒட்டகக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு நடந்தே போனார்கள். கட்ச் உப்புவெளியில் தரையும் வானமும் ஒன்றாக வெளுத்துக் கிடந்த ஒரு மத்தியானத்தில் வழி தவறி, உப்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளிச்சாதம் தின்றார்கள். ஓமான் மணலில் படுத்துத் தூங்கினார்கள். லட்சத்தீவுப் பக்கம் மனுஷ வாடையே இல்லாத ஒரு மணல்திட்டில் வள்ளக்காரன் அவர்களை மறந்துவிட்டுப் போக, அலை ஏறி வருவதைப் பார்த்தபடி முதுகோடு முதுகு சாய்ந்து விடியும்வரை கதை பேசினார்கள். இரண்டு பேர் சம்பளமும் டிக்கெட்டுக்கே சரியாகிப் போயிற்று. வீடு கட்டவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் அவளைத்தான் ஏசினார்கள். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையனை ஒரு கிறிஸ்தவப் பெண் கட்டினால் நெல்லை டவுனில் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு.

வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற தேரியை மட்டும் பார்க்கவில்லை. "அது எங்க ஓடிரப் போவுது? வயசான பொறவு பாத்துக்கிடலாம்" என்பான் கார்த்தி. அவனுக்கு வயசாகவில்லை. நாற்பத்துநான்கில் போய்விட்டான்.

குடலில் ஓட்டை, அவசர ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பிறகு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மனுஷன் ஜுரத்தில் கொதித்துக்கொண்டு கிடந்தான். "ஏட்டி ஜெமி, ஒரு மடக்கு தாட்டி. ஒரே ஒரு மடக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரியும்போது 'ட்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அவள் பஞ்சை நனைத்துப் பிழிந்து, வெடித்திருந்த உதட்டில் ஒற்றி எடுத்தாள். அவன் அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சினான். நர்ஸ் வந்து பஞ்சையும் பிடுங்கிக்கொண்டு போனாள். "காலையில டாக்டர்ட்ட கேட்டுத் தாரேன்" என்றாள் ஜெமிமா. காலை அவனுக்கு வரவில்லை.

அஸ்தியைச் சீவலப்பேரியில், சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடத்தில், அவன் தம்பி கரைத்தான். பதினாறு நாளும் கல் ஊன்றித் தண்ணீர் ஊற்றினார்கள். அதிலெல்லாம் ஜெமிமாவுக்கு இடமில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் சுடுகாட்டில் வேலை பார்க்கிறவரிடம் கெஞ்சி ஒரு பிடிச் சாம்பலும் விரல் எலும்பு போல இரண்டு துண்டும் தனியாக வாங்கி வைத்திருந்தாள். ஆறு எல்லாரும் போகிற இடம். அவன் மணலுக்கென்றே பிறந்தவன். பார்க்காமல் விட்ட ஒரே மணலில் அவனைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தோன்றிற்று, வைத்துவிட்டாள். அழுதபடி யோசிக்கிற மூளை அப்படித்தான் யோசிக்கும்.

இன்று காலையில் அந்த வேலை முடிந்தது. வழக்கமாக அவளுக்கு வாடகைக் கார் ஓட்டுகிற காஜா முகைதீன்தான் ரோடு முடிகிற இடத்தில் கொண்டுவந்து விட்டான். "டீச்சர், நான் இங்கன கடைக்கிட்டயே கெடக்கேன். வெயில் ஏறுததுக்குள்ள வந்துருங்க. பொறவு மணல்ல கால் வைக்க முடியாது. உச்சி தாண்டிச்சுன்னா நானே தேடி வந்துருவேன்" என்றான். சிரித்தபடி தலையாட்டிவிட்டு நடந்தாள். நாலு மேடு தாண்டி, மரம் மட்டை இல்லாத ஒரு பள்ளம் கிடைத்தது. கையாலேயே குழி பறித்து, சாம்பலைக் கொட்டி மூடினாள். ஜெபம் பண்ணப் பார்த்தாள், வாய் வரவில்லை. பிறகு வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கைத் திறந்தாள்.

மணலில் நடக்கும்போது அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் மடக்கைத் தாங்கள் குடிக்கமாட்டார்கள், மணலில் ஊற்றிவிடுவார்கள். "அது நம்மளக் குடிக்கதுக்கு முந்தி நாம அதுக்குக் குடுத்துருவோம்" என்று கார்த்தி தாரில் விளையாட்டாக ஆரம்பித்தது, எல்லா ஊரிலும் தொடர்ந்தது. இன்றைக்கும் அவள் கை தன்னால் சாய்ந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் அந்தக் குழியின் மேல் விழுந்தது.

மணலில் தண்ணீர் விழுந்தால் கறுத்து ஒரு வட்டம் நிற்கும். உலகத்தில் எந்த மணலிலும் நிற்கும். அங்கே நிற்கவில்லை. விழுந்ததும் இல்லாமல் போயிற்று. கூடவே ஒரு சத்தம் கேட்டது, தொண்டைக்குழி ஏறி இறங்குகிற சத்தம். தன்னுடைய தொண்டைதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் இன்னும் குடித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்து, இந்தக் கொல்லாமரத்தடியில்தான் வந்து சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிளாஸ்க்கை எடுத்து ஆட்டினாள். சத்தம் இல்லை. கவிழ்த்தாள். ஒரே ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேகைக்குள் இறங்கி மறைந்தது. இன்னொரு கடைப் பாட்டிலும் பாதிதான் இருந்தது. அதன் மூடியைத் திருகி வளையத்தை அறுத்து, அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் உதட்டைத் தொட்டது, நாக்கைத் தொட்டது. தொண்டைக்கு வரவில்லை. நாலு வாய் குடித்தும் வாய்க்குள் முன்பைவிட வறட்சி கூடியிருந்தது. வெயில் தலைக்கேறினால் இப்படியெல்லாம் இருக்கும். ஓமானில் அவளுக்கு ஒரு தடவை வந்திருக்கிறது. அன்றைக்கு கார்த்தி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, துளித்துளியாகத் தண்ணீர் விட்டு, வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே இருந்தான். இன்றைக்கு ஏசுவதற்கு ஆள் இல்லை. அதை நினைத்ததும் அழுகை வந்தது. நெஞ்சு விம்மிற்று, உதடு கோணிற்று, எல்லாம் வழக்கம்போலத்தான். கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நிற்காமல் ஓடிய கண்ணீர். சட்டி கழுவும்போது வரும், வகுப்பில் மாநிலங்களின் பெயர் சொல்லும்போது வரும், பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது வரும். இன்று இமையைக் கசக்கிப் பார்த்தாள். இமை விழியில் ஒட்டிக்கொண்டு, கிழிகிற மாதிரி வலித்துத் திறந்தது.

எழுந்து நடந்தாள். மணல் காலை உள்ளே இழுத்து இழுத்து விட்டது. ஒவ்வொரு எட்டுக்கும் சரசரவென்று ஒரு சரிவு, அதற்குப் பிறகு அமைதி, அதற்கும் பிறகு பின்னால் எங்கோ ஒரு சின்னச் சத்தம்.

ட்ஸ்.

ஓலையாக இருக்கும். நின்றாள். காற்றும் நின்றது; ஓலை அசையவில்லை; மயிலும் வாயை மூடிக்கொண்டது. வெயில் மட்டும் மணலில் கொதித்து, தூரத்து மேடுகள் நெளிந்து நெளிந்து தெரிந்தன.

ட்ஸ்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். நெஞ்சுக்குள் குத்தி வைத்திருக்கிற சத்தம். ஆஸ்பத்திரியின் டெட்டால் வாடையும் ஜுரம் பிடித்த உடம்பின் புளிப்பு வாடையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. திரும்பிப் பார்த்தாள். ஆள் இல்லை. வந்த வழியில் அவளுடைய காலடித் தடம் ஒற்றை வரிசையாகக் கிடந்தது. தடத்தின் இரண்டு பக்கமும் எருக்கஞ்செடிகள் இருந்தன. காலையில் போகும்போது அவை தழைத்து நின்றதும், முழங்காலில் உரசியதும் நன்றாக நினைவிருந்தது. இப்போது அவள் நடந்த ஓரத்தில் இருந்தவை மட்டும் தலை தொங்கிச் சுருண்டிருந்தன. தள்ளி நின்ற செடிகள் பச்சையாகவே இருந்தன.

ஒரு தண்டை ஒடித்தாள். கோடை முழுக்கக் கொளுத்தினாலும் எருக்கை ஒடித்தால் பால் வடியும். வடியவில்லை. தண்டு தீக்குச்சி போல முறிந்தது. அதன் அடியில் ஒரு ஓணான் தலையைத் தூக்கியபடியே இருந்தது. குனிந்து தொட்டாள். கனமே இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு பொத்தல்.

அவள் ஓட ஆரம்பித்தாள். கடைசி மேட்டின் உச்சிக்கு வந்தபோது கீழே தூரத்தில் தார் ரோடும், கடையின் தகரக் கூரையும், காஜாவின் வெள்ளைக் காரும் தெரிந்தன. இறங்கினால் போதும். அந்த நேரத்தில் செல்போன் அடித்தது. மாமியார் சொர்ணாம்பாள். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாதவள், மகன் போன பிறகு நாளைக்கு இரண்டு வேளை கூப்பிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்கிறாள்.

"ஏம்மா, எங்கன இருக்க?"

"வெளிய வந்திருக்கேன் அத்த."

"இப்பம் செத்த கண்ணசந்தேன். கனவுல வந்தான்மா. ஒண்ணும் பேச மாட்டேங்கான். வாயத் தொறந்து தொறந்து காட்டுதான். உள்ள பூராவும் மணலு. செக்கச்செவேல்னு மணலு." சொர்ணாம்பாளுக்கு மூச்சு வாங்கிற்று. "அன்னைக்கு ஆத்துல எல்லாத்தையும் விட்டாச்சுல்லா? நீ எதுவும் எடுத்து வச்சிருக்கியாம்மா? நெசத்தச் சொல்லு. நான் ஏச மாட்டேன்."

ஜெமிமா நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னாள். ஒரு பிடி, இரண்டு துண்டு, தேரி, குழி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் மடக்கு ஊற்றியதையும் சொன்னாள்.

"தண்ணில அடங்கணும்மா அது" என்றாள் சொர்ணாம்பாள் பைய. "பதினாறு நாளும் கல்லுக்குத் தண்ணி ஊத்துனது எதுக்குன்னு நெனச்ச? தாகம்மா. போறவனுக்கு மொத வாரது தாகம்தான். அது அடங்குதவரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும். நீ அவனக் கொண்டுபோயி ஒரு பொட்டுத் தண்ணி நிக்காத எடத்துல வச்சிருக்க. வச்சதுமில்லாம ஒரு மடக்கக் குடுத்து ருசி காட்டிட்டு வந்திருக்க." அவள் குரல் உடைந்தது. "சாவும்போதும் எம்புள்ளைக்கு வாயில ஒரு சொட்டு விடலியே நாம."

நீ விடவில்லையே என்று சொல்லியிருந்தால் ஜெமிமா தாங்கியிருப்பாள். அந்தப் பழியைத் தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லி மரத்துப் போயிருந்தாள். கிழவி அதில் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் தாங்கவில்லை.

"எடுத்துட்டு வந்துரும்மா. கையில எவ்வளவு வருதோ அவ்வளவு. சாயங்காலமே சீவலப்பேரிக்குப் போயி விட்டுருவோம். நானும் வாரேன்." போன் கொரகொரத்தது. "வெரசா..." அதோடு அறுந்தது.

கீழே கார். பின்னால் தேரி. காஜா கடை நிழலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருப்பது எறும்பு அளவுக்குத் தெரிந்தது. இறங்கிப் போனால் ஒரு குடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், நாளைக்கு நாலு பேரோடு வந்து எடுக்கலாம். புத்தி அதைத்தான் சொன்னது. நாளைக்கு. காலையில டாக்டர்ட்ட கேட்டுத் தாரேன்.

ஜெமிமா திரும்பி நடந்தாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. அவன் கேட்டும் கொடுக்காத அந்த ராத்திரி இருந்தது. பையில் இன்னும் முக்கால் பாட்டில் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். எடுத்துப் பார்த்தாள். அரைப் பாட்டில்தான் இருந்தது. அதை மாரோடு அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நடந்தாள்.

இப்போது சத்தம் பின்னால் இல்லை. முன்னால் கேட்டது. ட்ஸ். வழி காட்டுகிற மாதிரி, ஒவ்வொரு மேட்டுக்கும் அப்பால் இருந்து. ட்ஸ். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது, வேர்வை பூக்கவில்லை. நாக்கு வாய்க்குள் மரத்துண்டு மாதிரி கிடந்தது. உதட்டை நனைக்கப் பார்த்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டி, பிரிந்தது.

ட்ஸ்.

அது அவளுடைய வாயிலிருந்து வந்தது.

கொல்லாமரத்தைத் தாண்டும்போது அடையாளம் தெரியவில்லை. இலை ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் காலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மரம். கல்யாண மோதிரம் விரலில் தொளதொளத்து, ஒரு எட்டில் கழன்று மணலில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். மோதிரம் போன விரலைப் பார்த்தாள். எடுக்காமல் நடந்தாள்.

பள்ளம்.

குழி அவள் மூடிய இடத்திலேயே இருந்தது. மூடிய மாதிரி இல்லை. நடுவில் மணல் உள்வாங்கி, கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. விளிம்பிலிருந்து மணல் சன்னமாக உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

"கார்த்தி" என்றாள். குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

மண்டியிட்டாள். பாட்டிலைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு தோண்டினாள். காலையில் ஒரு சாண்தான் பறித்திருந்தாள். ஒரு சாண் போயிற்று. சாம்பல் இல்லை. முழங்கை வரை போயிற்று. எலும்பு இல்லை. சுடுகிற மேல் மணலுக்குக் கீழே குளிர்ந்த மணல் வரும், அதற்கும் கீழே ஈரம் இருக்கும், எந்தப் பாலைவனத்திலும் அப்படித்தான். இங்கே கீழே போகப் போகச் சூடு ஏறிற்று. ஜுரச் சூடு. அவளுக்குத் தெரிந்த சூடு.

தோள் வரை கையை விட்டாள். கன்னம் மணலில் படிந்தது.

விரல் எதையோ தொட்டது.

மணல் இல்லை. மெத்தென்று இருந்தது. தடவினாள். இரண்டு வரம்பு. நடுவில் ஒரு பிளவு. கீழ் வரம்பில், இடது ஓரத்தில், ஒரு வெடிப்பு. பஞ்சால் ஒற்றி ஒற்றி அவள் மனப்பாடமாக்கி வைத்திருந்த வெடிப்பு.

கையை இழுத்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இழுத்திருப்பார்கள். அவள் அந்த உதட்டை விரலால் வருடிக்கொடுத்தாள். உதடு திறந்தது.

"ஏட்டி ஜெமி."

காதுக்குள் கேட்டது.

"ஒரு மடக்கு தாட்டி."

"தாரேன்" என்றாள். "தாரேன்யா. இந்தா தாரேன்."

இடது கையால் பாட்டிலைத் திறந்து குழிக்குள் கவிழ்த்தாள். தண்ணீர் அவள் கையின் வழியாக இறங்கிற்று. தொண்டைக்குழி ஏறி இறங்குகிற சத்தம். ஆத்திரமாக, இடைவெளி இல்லாமல். பாட்டில் நெளிந்து சுருங்கிற்று. தீர்ந்தது. இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். அது ஏற்கெனவே காய்ந்து கிடந்தது.

"இன்னும் ஒரே ஒரு மடக்கு."

"இல்லையே கார்த்தி. தீந்துட்டே."

"ஒரே ஒரு மடக்குட்டி."

அவன் அழுதான். கண்ணீர் இல்லாத அழுகை, ஆஸ்பத்திரியில் அழுத அதே அழுகை. உதடு தேடிற்று. அவளுடைய சுட்டு விரலைக் கண்டுபிடித்தது. பற்றிக்கொண்டது. கடிக்கவில்லை. உறிஞ்சிற்று.

வலிக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயமாக இருந்தது.

"டீச்சர்."

மேட்டின் உச்சியில் காஜா முகைதீன். தோளில் ஒரு பெரிய தண்ணீர் கேன். சட்டையெல்லாம் வேர்வை, ஈரம் வெயிலில் மினுங்கிற்று. "என்ன டீச்சர் பண்ணுதீங்க? உச்சி தாண்டிட்டு. கீழ விழுந்துட்டீங்களா? இருங்க, வாரேன்."

உறிஞ்சல் நின்றது. மணலுக்குள் இருந்த வாய் விரலை விடாமலே மேட்டுப் பக்கம் திரும்பிற்று. அந்தத் திருப்பத்தை அவளுடைய கை உணர்ந்தது.

காஜாவின் சட்டை ஈரத்தை அது கேட்கிறது. நாற்பது எட்டு வைக்கிற தூரத்தில் ஒரு மனுஷன் நிறையத் தண்ணீரோடு நிற்கிறான்.

"அங்கனயே நில்லு" என்றாள். தொண்டை கிழியக் கத்தினாள். "காஜா, இறங்காத. எட்டு வைக்காத. கேனை மட்டும் உருட்டி விடு."

அவன் திகைத்து நின்றான். அவளுடைய முகத்தில் எதைப் பார்த்தானோ, கேள்வி கேட்காமல் கேனைச் சரிவில் வைத்துத் தள்ளினான். கேன் உருண்டது. களக் களக் என்று கனமாக உருண்டது. பாதிச் சரிவில் சத்தம் மாறிற்று. வேகம் கூடிற்று. துள்ள ஆரம்பித்தது. டப். டப். காலியாகத் துள்ளித் துள்ளி வந்து அவளுடைய காலில் மோதி நின்றது. மூடி திறக்கவில்லை. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

காஜா அதைப் பார்த்தான். அவனுடைய உதடு அசைந்தது. ஓதிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. நெற்றியிலிருந்து அவனுடைய வேர்வை மறைந்துவிட்டது.

"போயிரு" என்றாள் ஜெமிமா. "ஓடிரு, காஜா. பிள்ளைங்க இருக்குல்லா. அத்தைட்ட சொல்லு, எடுத்துட்டு வர முடியலன்னு. போ."

அவன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். இன்னொன்று. பிறகு மேட்டில் தலை மறைந்தது. மணல் சரியும் சத்தம் தூரமாகிப் போய் நின்றது.

கையை மெல்ல வெளியே இழுத்தாள். வாய் கஷ்டப்பட்டுத்தான் விட்டது. வெயிலில் வைத்துப் பார்த்தாள். முழங்கைவரை தோல் எலும்போடு ஒட்டி, பனைமட்டை அடியில் காய்ந்து தொங்குகிற சில்லாட்டை மாதிரி நரைத்துப் போயிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. ஒன்றோடொன்று தட்டினால் குச்சிச் சத்தம் கேட்டது.

குழிக்குள் உதடு திறந்து திறந்து மூடிற்று. தேடிற்று. அழுதது.

"ஜெமி."

"இருக்கேன்."

"காலையில தாரேன்னு சொல்லிராத."

"இல்லய்யா" என்றாள். "இப்பமே தாரேன்."

இடது கையை உள்ளே விட்டாள்.